மூன்றுக்கு வட்டமிட்டவர் என்ன நினைத்தார்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விருந்துக்கு வந்தவர் கை கழுவ எழும்போது, "சாப்பாடு எப்படி?" என்று கேட்காத தமிழர் வீடு இல்லை. "ரொம்ப நல்லா இருந்தது" என்று அவரும் சொல்லிவிடுவார். ஆனால் ரசத்தில் உப்பு கூடிவிட்டதா, கூட்டு தீய்ந்துவிட்டதா என்பதை வீட்டுக்காரம்மாள் அந்தப் பதிலைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. இலையைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். எது மிச்சம் கிடக்கிறது, எதை இரண்டாவது முறை கேட்டு வாங்கினார், மோர் வருவதற்குள் இலையை மூடிவிட்டாரா? வாய் சொன்னது மரியாதை. இலை சொல்வதுதான் செய்தி.

இன்றைய தலைப்பும் ஏறக்குறைய இதுதான். இலைக்குப் பதிலாக ஒரு தாள். அந்தத் தாளில் 1 முதல் 5 வரை எண்கள். வெளிநாட்டுக்கு விடுமுறைக்கு வந்த ஜப்பானியர் ஒருவர் புறப்படும் நேரத்தில் அதில் ஓர் எண்ணுக்கு வட்டமிட்டுக் கொடுக்கிறார். தங்கிய இடம், சாப்பாடு, வழிகாட்டி, பேருந்து, கழிவறை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஒரு சராசரி. அந்தச் சராசரியை வைத்துக்கொண்டுதான் அடுத்த ஆண்டு எங்கே பணம் போடுவது, எந்தக் கிராமத்துக்கு ஆள் அனுப்புவது, எந்தக் கிராமத்தை விட்டுவிடுவது என்று முடிவெடுக்கிறார்கள்.

இது தோட்டப்புறத்தில் வாழ்பவர்களுக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நெகிரி செம்பிலானைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998-இல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட பிறகு, வெளிநாட்டுப் பயணி இறங்கியதும் முதலில் பார்ப்பது நீலாய், லாபு பக்கத்துச் செம்பனைத் தோப்புகளைத்தான். லாபுவில் உள்ள கம்போங் பெலேகோங்கில் மலாய்க் குடும்பங்கள் நடத்தும் ஹோம்ஸ்தேயில் ஜப்பானிய மாணவர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தங்கிப் போயிருக்கிறார்கள். அதே லாபுவில் தோட்டத் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கோயில் இருக்கிறது. முறுக்குச் சுடத் தெரிந்த கைகள் இருக்கின்றன. "அவர்களால் முடிந்தது நம்மவர்களால் ஏன் முடியாது?" என்று சிரம்பான், ரந்தாவ், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தத் தொழிலில் கால் வைப்பவர் முதலில் படிக்கக் கற்க வேண்டியது இந்த மதிப்பெண் தாளை. அதைப் படிப்பது தோன்றுவதுபோல் அவ்வளவு எளிதல்ல.

வருகிறவர் யார்?

ஜப்பானியர் உல்லாசத்துக்காக வெளிநாடு போகலாம் என்று அந்நாட்டு அரசாங்கம் அனுமதித்ததே 1964 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். அதற்கு முன் வணிகம், படிப்பு, அரசாங்க வேலை என்று காரணம் காட்ட வேண்டும். அனுமதித்த பிறகும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, கையில் 500 அமெரிக்க டாலர் என்று வரம்பு வைத்தார்கள். அந்த ஆண்டு வெளியே போனவர்கள் ஏறக்குறைய 1 லட்சத்து 28 ஆயிரம் பேர். பிறகு நாடு செழித்தது. ஏற்றுமதியில் பணம் குவிந்து, மற்ற நாடுகள் முணுமுணுக்கத் தொடங்கின. 1987-இல் அரசாங்கமே முன்வந்து, ஆண்டுக்கு 1 கோடிப் பேர் வெளிநாடு போக வேண்டும் என்று திட்டம் போட்டது. மக்களைச் செலவு செய்யச் சொல்லித் திட்டம் போட்ட அரசாங்கம்! அந்த இலக்கை 1990-இலேயே தொட்டுவிட்டார்கள். 2019-இல் எண்ணிக்கை 2 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டு மலேசியாவுக்கு வந்தவர்கள் மட்டும் 4 லட்சத்துக்கு மேல்.

அதன் பிறகு கோவிட் வந்தது. யென்னின் மதிப்பும் சரிந்தது. 2024-இல் வெளிநாடு சென்ற ஜப்பானியர் சுமார் 1 கோடியே 30 லட்சம்தான். கடப்பிதழ் வைத்திருப்பவர்களே ஆறு பேரில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு நாடும் அவர்களை விரட்டிப் பிடிக்கிறது. வந்தவர் நிறைவோடு திரும்பினாரா என்ற கேள்வியின் விலை ஏறிவிட்டது.

இங்கே ஒரு சிறு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நீண்டகாலம் தங்குவதற்கு ஜப்பானியர் விரும்பும் நாடுகளில் மலேசியாவே முதலிடம் என்று அந்நாட்டின் லாங்ஸ்டே அறநிறுவனம் எடுத்த கணக்கெடுப்புகள் 2006 முதல் 2019 வரை 14 ஆண்டுகள் தொடர்ந்து சொல்லிவந்தன. இங்குள்ள ஏடுகள் அதைப் பெருமையோடு எழுதின. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் அது, "எங்கே போய்த் தங்க ஆசை?" என்ற கேள்விக்கு வந்த பதில். "போய்த் தங்கினீர்களே, எப்படி?" என்ற கேள்விக்கு வந்த பதில் அல்ல. பெண் பார்க்க வந்தவரின் விருப்பத்தையும் பத்து ஆண்டு குடும்பம் நடத்தியவரின் நிறைவையும் ஒரே கணக்கில் சேர்க்கலாமா? அறிக்கைகளில் சேர்த்துவிடுகிறார்கள்.

நினைத்து வந்ததும் கண்டு சென்றதும்

மனநிறைவு என்பதை எண்ணால் அளக்க முடியுமா என்று அறிஞர்கள் நீண்ட காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். இன்று கணக்கெடுப்புத் தாளில் காணும் "முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன், நடுநிலை" என்ற படிவரிசையை 1932-இல் அமெரிக்கர் ரென்சிஸ் லிக்கர்ட் அறிமுகப்படுத்தினார். 1980-இல் ரிச்சர்ட் ஆலிவர் என்பவர் இன்னோர் உண்மையைத் தெளிவாக எடுத்து வைத்தார். நிறைவு என்பது கிடைத்த பொருளில் மட்டும் இல்லை. எதிர்பார்த்து வந்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. பாயை எதிர்பார்த்து வந்தவருக்குக் கட்டில் கிடைத்தால் மகிழ்ச்சி. ஐந்து நட்சத்திர விடுதியை எதிர்பார்த்து வந்தவருக்கு அதே கட்டில் கிடைத்தால் எரிச்சல். கட்டில் ஒன்றுதான்.

இந்த இடைவெளியை அளக்க ஒரு கருவி செய்து கொடுத்தவர்களில் முதல் பெயர் பரசுராமன். சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் சந்தையியல் பேராசிரியராக ஆனவர். அவரும் வலேரி சைத்தமல், லெனர்ட் பெர்ரி என்ற இருவரும் 1985-இல் கருத்தை வெளியிட்டு, 1988-இல் கருவியாக ஆக்கினார்கள். செர்வ்குவால் என்று அதற்குப் பெயர். 22 வாசகங்கள். அதே 22-ஐ இரண்டு முறை கேட்க வேண்டும். சிறந்த சேவை எப்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்பது ஒரு முறை. இங்கே எப்படி இருந்தது என்பது இன்னொரு முறை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் இடைவெளி. கட்டடமும் கருவிகளும் பார்க்க எப்படி, சொன்னபடி செய்கிறார்களா, உடனே உதவுகிறார்களா, நம்பிக்கை தருகிறார்களா, ஆளைப் புரிந்து நடக்கிறார்களா என்று ஐந்து பக்கங்களிலிருந்து அது பார்க்கிறது. வங்கி, மருத்துவமனை, விமான நிறுவனம் என்று உலகம் முழுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். பின்னர் 1992-இல் குரோனினும் டெய்லரும், "எதிர்பார்ப்பைக் கேட்கவே வேண்டாம், அனுபவத்தை மட்டும் கேட்டால் போதும்" என்று எதிர்வாதம் வைத்தார்கள். அந்தச் சண்டை முடிந்தபாடில்லை.

ஆனால் ஜப்பானியர் விஷயத்தில் பரசுராமன் பக்கமே நியாயம் அதிகம் எனலாம். காரணம், அவர்களுடைய பயணம் எழுதி வைத்த எதிர்பார்ப்போடு தொடங்குகிறது. ஜப்பானியப் பயண நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் எந்த நாள், எந்த இடம், எந்த விடுதி, எந்த விமானம் என்பது அச்சிட்ட திட்டத்தில் இருக்கும். குறிப்பிட்ட சில அம்சங்கள் மாறிவிட்டால் பயண நிறுவனம் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அந்நாட்டின் பொது ஒப்பந்த விதிமுறையிலேயே இருக்கிறது. இங்கே பேருந்து ஓட்டுநர் "போகிற வழியில் வேறொரு நல்ல இடம் இருக்கிறது" என்று அன்பு மிகுதியால் வண்டியைத் திருப்பினால், அவருக்கு அது உபசரிப்பு. பயணக்குழுத் தலைவருக்கு அது தலைவலி.

அந்த 3-இன் பொருள்

இனி மதிப்பெண்ணுக்கு வருவோம். ஒரே ஹோம்ஸ்தேயில் ஆஸ்திரேலியர் குழு ஒன்று தங்கி 4.6 கொடுத்ததாகவும், ஜப்பானியர் குழு ஒன்று தங்கி 3.8 கொடுத்ததாகவும் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடன் என்ன தோன்றும்? ஜப்பானியருக்குப் பிடிக்கவில்லை என்றுதான். அந்த முடிவு பெரும்பாலும் தவறு.

1995-இல் சென், லீ, ஸ்டீவன்சன் என்ற மூவர் ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய நாட்டு மாணவர்களின் பதில்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஜப்பானிய, தைவானிய மாணவர்கள் அளவுகோலின் நடுப்புள்ளியை அதிகம் தேர்ந்தார்கள். அமெரிக்க மாணவர்கள் இரு முனைகளை அதிகம் தொட்டார்கள். கருத்தில் உள்ள வேறுபாடு ஒருபுறம் இருக்க, எண்ணைக் கையாளும் பழக்கமே வேறு. முழு மதிப்பெண் என்பது அநேகமாக யாருக்கும் கொடுக்கக்கூடாத ஒன்று என்று நினைக்கும் தமிழாசிரியர்களை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். கட்டுரைக்கு 100-க்கு 72 போட்டுவிட்டு, "மிகச் சிறப்பு" என்று எழுதுகிறவர்கள் அவர்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. முகத்துக்கு முன் குறை சொல்வதில்லை. மனத்தில் உள்ளதை ஹொன்னே என்றும், சபையில் சொல்வதைத் தாத்தெமாயே என்றும் ஜப்பானியர் இரண்டாகப் பிரித்தே பேசுவார்கள். இரண்டாவது பொய் அல்ல, எதிரில் இருப்பவரின் முகம் வாடாமல் காக்கும் மரியாதை. சாப்பாடு பரிமாறிய அம்மாள் பக்கத்திலேயே நிற்கும்போது தாளை நீட்டினால் 5 விழும். அதே தாளைப் பேருந்தில் வழிகாட்டி முன்னிலையில் கொடுத்தால் வழிகாட்டிக்கும் 5. ஊர் திரும்பிய பிறகு பயண நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில்தான் வேறு செய்தி இருக்கும். அந்த வட்டாரத்துச் சுற்றுலாக்காரர்கள் எல்லோரும் அறிந்த அனுபவம் இது. சிரித்த முகத்தோடு போனார்கள், குனிந்து வணங்கிப் போனார்கள், ஆனால் அடுத்த ஆண்டு குழு வரவில்லை. ஏன் என்று இங்கே யாருக்கும் தெரியாது.

ஆக 3.8 தாழ்வும் அல்ல, 5 உயர்வும் அல்ல. ஜப்பானியரை ஜப்பானியரோடுதான் ஒப்பிட வேண்டும். போன ஆண்டுக் குழுவோடு இந்த ஆண்டுக் குழுவை, ஒரு கிராமத்தில் தங்கியவர்களோடு இன்னொரு கிராமத்தில் தங்கியவர்களை. கேள்விகள் ஜப்பானிய மொழியில் இருக்க வேண்டும். அப்படிப் பெயர்த்ததை வேறொருவர் மறுபடியும் மலாய்க்கோ தமிழுக்கோ பெயர்த்துப் பார்த்து, பொருள் மாறவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். தாளை வீட்டுக்காரர் கையில் வாங்கக் கூடாது. உறையில் போட்டு ஒட்டி, ஊருக்குப் போன பிறகு ஒரு மாதம் கழித்து வந்தாலும் சரி. முக்கியமாக, "உங்களுக்குப் பிடித்ததா?" என்று கேட்பதைவிட, "அடுத்து இங்கே வரப்போகும் உங்கள் நண்பருக்கு என்ன சொல்லி அனுப்புவீர்கள்?" என்று கேட்பது நல்லது. குறை சொல்லக் கூசுகிறவர் யோசனை சொல்லத் தயங்கமாட்டார். "கொசுவலை கொண்டு போ" என்று எழுதினால் சேதி வந்துவிட்டது.

இலையைப் பார்க்கும் வீட்டுக்காரம்மாள் முறையையும் மறக்க வேண்டாம். ஜப்பானியர் பயணம் போனால் அலுவலகத் தோழர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒமியாகே என்ற பயணப் பரிசு வாங்கிப்போவது ஏறக்குறைய கட்டாயம். தனித்தனியாகச் சிறு பொட்டலங்களில் சுற்றியிருந்தால் பத்துப் பேருக்குப் பகிர்ந்து கொடுக்க வசதி. ஒரு வீட்டில் சுட்ட முறுக்கை ஒருவர் தான் தின்றார் என்பது ஒரு செய்தி. அதையே பத்துப் பொட்டலம் கேட்டு வாங்கினார் என்பது வேறு செய்தி. தன் பெயரைப் பணயம் வைத்துப் பிறருக்குக் கொடுக்கத் துணிந்திருக்கிறார் அல்லவா? எந்த 5-ஐயும்விட அது பெரிய மதிப்பெண். புத்தாண்டுக்கு வாழ்த்து அட்டை வந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம்.

பகல் பதினோரு மணிக்குப் பால்மரம்

கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போகும் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்துகள் நெகிரி செம்பிலானைக் கடந்தே போக வேண்டும். வழியில் எங்காவது பால்மரம் நிற்கும் ஓரமாக நிறுத்தி, மரத்தைச் சீவிக் காட்டுவது வழிகாட்டிகளின் பழைய பழக்கம். பட்டையில் கத்தி ஓடுகிறது, வெள்ளையாக நாலு சொட்டு வடிகிறது, படம் எடுக்கிறார்கள், ஏறிப் போகிறார்கள். நேரம் பகல் பதினொன்று.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது சிரிப்பை வரவழைக்கும். பால் நன்றாக ஓடுவது விடியலின் குளிர்ச்சியில். வெயில் ஏறினால் மரம் தண்ணீரை இழந்து, பால் ஓட்டமும் குறைந்துவிடும். ஆகவேதான் நாலு மணிக்கே எழுந்து, பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போனார்கள். பதினொரு மணிக்கு மங்கில் சேர்ந்த பாலை எடுத்து, வாளியில் ஊற்றி, பால் கொட்டாயில் நிறுத்துக் கொடுத்தாகிவிடும். மரத்தில் மிச்சம் இருப்பது ஒட்டுப்பால். பேருந்துப் பயணி பார்ப்பது முடிந்துபோன வேலையின் நடிப்பை.

இதில் மதிப்பெண் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஜப்பானிய அறிஞர் நொரியாக்கி கானோ 1984-இல் தரத்தை இரண்டு மூன்று வகையாகப் பிரித்தார். இருந்தே ஆக வேண்டிய தரம் ஒன்று. அது இருந்தால் யாரும் பாராட்டமாட்டார்கள், இல்லாவிட்டால் எல்லாம் கெட்டது. கழிவறைச் சுத்தம், தண்ணீர், பூட்டக்கூடிய கதவு, சொன்ன நேரத்துக்கு வண்டி. மனத்தைக் கவரும் தரம் இன்னொன்று. அது இல்லாவிட்டால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், இருந்தால் மறக்கமாட்டார்கள். விடியலில் விளக்கு வெளிச்சத்தில் மரம் சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அந்த இரண்டாவது வகை. எந்தப் பயணியும் அதைக் கேட்டு வாங்கமாட்டார். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. கணக்கெடுப்புத் தாளிலும் அதற்குக் கட்டம் இருக்காது. ஆகவே தாளை மட்டும் நம்பி நடப்பவர், பகல் பதினோரு மணிக் காட்சிக்கு 4 கிடைத்துவிட்டது என்று திருப்தியோடு இருந்துவிடுவார்.

தமிழர் வீட்டுக்கும் ஜப்பானியருக்கும் இடையே யாரும் கணக்கில் எடுக்காத ஒட்டுறவுகள் சில உண்டு. செருப்பை வாசலில் கழற்றுவது இரு சாராருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோறு இல்லாமல் சாப்பாடு இல்லை. தோட்டத்துக் கோயிலில் வீணையோடு சரஸ்வதி படம் இருந்தால், அவர்கள் ஊரில் பென்சைத்தென் என்று வணங்கப்படும் தெய்வம் அவள்தான் என்று சொல்லிக் காட்டலாம். கையில் பீவா என்ற நரம்புக் கருவியோடு அங்கே இருக்கிறாள். பிள்ளையாரும் ஷோத்தென் என்ற பெயரில் அங்கே உண்டு. ரஜினிகாந்தின் "முத்து" 1998-இல் தோக்கியோ திரையரங்கில் ஓடி, ஜப்பானையே ஆட்டிவைத்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். இவை எல்லாம் மூலதனமில்லாத கவர்ச்சிகள். ஆனால் கழிவறைக் கதவு சாத்தாவிட்டால் சரஸ்வதியாலும் காப்பாற்ற முடியாது. கானோ சொன்னதன் சாரம் அதுதான்.

வீடு யாருடையது?

மலேசியாவில் ஹோம்ஸ்தே திட்டம் 1995-இல் பகாங், தெமர்லோ அருகேயுள்ள தேசா மூர்னியில் தொடங்கப்பட்டது. அது கம்பங்களை மனத்தில் வைத்துப் போட்ட திட்டம். சொந்த நிலம், சொந்த வீடு, கிராமத் தலைவர், பொது மண்டபம். தோட்டத்து லயம் அப்படியா? வீடு நிர்வாகத்தின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. ஒய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். அடுத்த அறையில் வெளியாளைத் தங்கவைத்துக் கட்டணம் வாங்க எந்த நிர்வாகம் அனுமதிக்கும்? அதோடு, மரம் வெட்டுவோரும் குலை அறுப்போரும் இன்று பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளியர். நம்மவர்களில் பெரும்பகுதி சிரம்பான், நீலாய், பகாவ் பக்கத்துத் தாமான்களுக்குப் போய்விட்டார்கள். லின்சம், அதர்டன், ஜெராம் பாடாங் என்று தோட்டப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகளும், திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பி வரும் கோயில்களும் இருக்கின்றன. தோட்டம் இருக்கிறது. தோட்ட மக்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாக்களைச் சீரமைத்து, டில்மா நிறுவனத்தார் 2005-இல் சிலோன் டீ டிரெயில்ஸ் என்று உயர்தர விடுதியாகத் திறந்தார்கள். உலகப் புகழ் பெற்றது. விருந்தாளி தங்குவது துரை படுத்த அறையில். கொழுந்து பறிப்பவரின் லயம் சன்னலுக்கு வெளியே தெரியும் காட்சி. அங்கே விருந்தாளியின் மனநிறைவை அளந்தால் உச்சத்தில் நிற்கலாம். அந்த எண்ணுக்குள் லயம் எங்கே இருக்கிறது?

இங்கே ஒரு வழி இருக்கக்கூடும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பாட்டாளிகளே நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக வேண்டும் என்று துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சிறு தவணையில் பங்கு சேர்த்துத் தோட்டமே வாங்கினார்கள். நிலம் உறுப்பினர்களின் கூட்டுச் சொத்தாக இருக்கும் இடத்தில்தான், வருகிறவருக்கு வீடு காட்டுவதும் வருமானத்தைப் பங்கிடுவதும் நடக்கக்கூடியது. தாமான் வீட்டில் தங்கவைத்து, விடியலில் தோட்டத்துக்கு அழைத்துப் போவது இன்னொரு வழி. எதுவானாலும், காட்சிப் பொருளாக நிற்பதும் வீட்டுக்காரராக நிற்பதும் ஒன்றல்ல.

மதிப்பெண் போட முடியாத பயணம்

நெகிரி செம்பிலானுக்கு வரும் ஜப்பானியர் எல்லோரும் கடற்கரைக்கும் கால்ப் திடலுக்கும் வருகிறவர்கள் அல்லர். 1942 மார்ச் 16-இல் கோலப்பிலாவுக்கு அருகே பாரிட் திங்கியில் ஜப்பானியப் படையினர் சீனக் கிராமத்தவரைக் கொன்று குவித்தார்கள். இறந்தோர் 675 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இரண்டே நாளில் ஜெலுபு மாவட்டத்துத் தித்தியில் அதைவிடப் பெரிய படுகொலை. இந்த இடங்களுக்கு ஜப்பானிலிருந்தே ஆசிரியர்களும் மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் வருகிறார்கள். தகாஷிமா நொபுயோஷி என்ற ஆசிரியர் 1980-கள் தொட்டு அத்தகைய குழுக்களை அழைத்துவந்தவர். அந்தப் படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பேட்டை ஹயாஷி ஹிரோஃபுமி என்ற வரலாற்றாய்வாளர் ஜப்பானிய இராணுவ ஆவணங்களுக்குள்ளிருந்தே தேடி எடுத்தார்.

நினைவுக் கல்லின் முன் தலை குனிந்து நிற்கும் ஒருவரிடம், "உங்கள் பயணம் இன்பமாக இருந்ததா? 1 முதல் 5 வரை" என்று தாளை நீட்டினால் எப்படி இருக்கும்? அவர் கலங்கிப்போய்த் திரும்புகிறார். ஆனால் வந்தது வீண் என்று நினைப்பாரா? நிறைவு என்ற சொல்லை இன்பம் என்று மட்டும் பொருள் கொண்ட எல்லாக் கணக்கெடுப்புகளும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன.

தோட்டத் தமிழருக்கும் இதில் சொல்ல வேண்டியது இருக்கிறது. சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டோர் 75 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் தமிழர். நெகிரி செம்பிலான் தோட்டங்களும் ஆள் கொடுத்தன. மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி ஏற்றினார்கள். மறுத்தவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது பல்லாயிரம் பேர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டிருந்தார்கள். காஞ்சனபுரியில் நேசநாட்டுப் போர்வீரர்களுக்கு ஏறக்குறைய 7 ஆயிரம் கல்லறைகள் வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து இருக்கின்றன. தமிழனுக்குப் பெயர் பொறித்த கல் அங்கே அப்படி இல்லை. தித்திக்கு வரும் ஜப்பானியர் குழுவுக்கு ரந்தாவ் பக்கத்துத் தோட்டக் குடும்பம் ஒன்றில் தேநீர் கொடுத்து, திரும்பி வராத தாத்தாவைப் பற்றிச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள். அதைக் கேட்கவே வந்தவர்கள் அவர்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "புதிதாக எதை அறிந்தீர்கள்? ஊரில் யாரிடம் சொல்வீர்கள்?" என்பதாக இருக்க வேண்டும். பதிலை எழுத நீளமான கோடுகள் விட வேண்டும். கட்டங்கள் வேண்டாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு தாள்

இத்தனை கருவிகளிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. எல்லாத் தாளும் விருந்தாளிக்கு. வீட்டுக்காரரிடம் யாரும் எதையும் நிரப்பச் சொல்வதில்லை. ஜப்பானியர் ஓய்வெடுக்கும் காலம் குறுகியது. ஏப்ரல் கடைசியில் பொன் வாரம், ஆகஸ்டு நடுவில் ஓபோன், பிறகு புத்தாண்டு. வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். அந்த நாள்களில் தீபாவளிக்குச் சமைப்பதுபோல் சமைத்து, சிரித்து, புடவை கட்டிவிட்டு, கோயிலுக்கு அழைத்துப் போய், மூன்றாம் நாள் வழியனுப்பிவிட்டு உட்காரும் அம்மாளிடம் ஒரு தாளை நீட்ட வேண்டும்.

தலைக்கு இவ்வளவு என்று பயணி கொடுத்த பணத்தில் உங்கள் கைக்கு வந்தது எவ்வளவு? எத்தனை நாள் கழித்து வந்தது? உங்களிடம் கேட்காமல் படம் எடுத்தார்களா? சொல்லிக்கொடுத்த கோலம் யார் புத்தகத்தில் போனது? அவர்கள் மறுபடி வர வேண்டும் என்று நினைக்கிறீர்களா, அல்லது மரியாதைக்குச் சொல்கிறீர்களா? விருந்தாளி மெத்தையில் படுத்த இரண்டு இரவும் நீங்கள் எங்கே படுத்தீர்கள்?